15 மாதக் குழந்தை: பகலில் சாப்பாடு வேண்டாம், இரவெல்லாம் பால் வேண்டும்

மழலைத்தாய் கேட்டது:

தோழிகளுக்கு வணக்கம். என் மகளுக்கு 15 மாதம். பிறந்ததிலிருந்து தாய்ப்பால்தான், பாட்டில் பழக்கவே இல்லை. ஆறு மாதத்தில் திட உணவு ஆரம்பித்தோம். ஒரு வயதுவரை கொடுத்ததையெல்லாம் ஆசையாக வாங்கிக்கொண்டாள். நடக்க ஆரம்பித்ததும் எல்லாம் மாறிவிட்டது. தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். காலையில் ரெண்டு வாய், மதியம் நாலு வாய், அதோடு சரி. முட்டையை நாக்கால் தள்ளிவிடுகிறாள். கீரையை எதில் கலந்து கொடுத்தாலும் கண்டுபிடித்துத் துப்புகிறாள்.

இரவு நேர்மாறு. ஒன்பது மணிக்குத் தூங்கினால் பதினொன்றரை வாக்கில் முதல் அழுகை. அதற்குப் பிறகு விடியும்வரை நாலைந்து தடவையாவது எழுந்து பால் கேட்கிறாள். சில தடவை ரெண்டு நிமிஷம் சப்பிவிட்டுத் தூங்கிவிடுவாள். விடியற்காலையில் மட்டும் வாயை எடுக்கவே விடமாட்டாள், நான் ஒரே பக்கமாகப் படுத்துத் தோள்பட்டை மரத்துப்போய்க் கிடப்பேன். வேலைக்குத் திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை அவளோடு இருக்க முடியாது. மதியத்தில் கண் சொருகுகிறது, எழுதிய வரியையே திரும்ப எழுதுகிறேன்.

எடை 9 மாதத்தில் 7.6 கிலோ, 12-இல் 8.2, இப்போது 8.8. வீட்டில் எல்லோரும் "ஒல்லியா இருக்கா" என்கிறார்கள். ஒரு வயதுக்கு மேல் தாய்ப்பாலில் சத்தே இல்லை, வெறும் தண்ணீர், அதை நிறுத்தினால்தான் சாப்பிடுவாள் என்கிறார்கள். படுக்கும்போது ஒரு பாட்டில் பசும்பால் கொடுத்தால் வயிறு நிறைந்து விடியும்வரை தூங்குவாளாம். பல் சொத்தையாகும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

பாலை முழுதாக நிறுத்த எனக்கு மனசே இல்லை. மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மடியில் ஏறி அவள் பால் குடிக்கும் நேரம்தான் எங்கள் ரெண்டு பேருக்கும் பிடித்த நேரம். ஆனால் இரவு என்னால் முடியவில்லை. பகலில் சாப்பிடாததற்கு இரவுப் பால்தான் காரணமா? பகல் பாலை வைத்துக்கொண்டு இரவை மட்டும் நிறுத்த முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இருவரின் அம்மா பதில்:

முதலில் எடையைப் பார்த்துவிடலாம் மா, உங்கள் கவலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் பெண் குழந்தைகளுக்கு 12 மாதத்தில் நடு அளவு 8.9 கிலோ, 15 மாதத்தில் 9.6. உங்கள் மகள் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறாள். ஆனால் 9, 12, 15 என்று மூன்று புள்ளிகளையும் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள், நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரே இடைவெளியில் போகிறது. தன் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளரும் குழந்தை அவள். கோட்டைவிட்டுக் கீழே சரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். எடையோடு உயரத்தையும் அளந்து அதே அட்டையில் குறித்து வையுங்கள், டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

இன்னொன்று. முதல் வருஷத்தில் பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கு ஆகிறார்கள். இரண்டாவது வருஷம் முழுக்கச் சேர்த்து ஏறுவது ரெண்டு, ரெண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் அதோடு குறைகிறது. அதே நேரத்தில் நடை வந்துவிடுகிறது, "மாட்டேன்" என்று சொல்லத் தெரிந்துவிடுகிறது. தாய்ப்பாலை எப்போதோ மறந்த குழந்தைகளும் இந்த வயதில் தட்டைத் தள்ளுகிறார்கள். எல்லாப் பழியையும் இரவுப் பால்மேல் போடாதீர்கள்.

நான் தாய்ப்பால் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒரு வயதுக்கு மேல் பால் தண்ணீராகிவிடும் என்ற பேச்சைக் கேட்காத வாரமே இல்லை. அது உண்மை இல்லை. இரண்டாவது வயதில் ஒரு நாளைக்குச் சுமார் 450 மில்லி தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, தேவையான சக்தியில் பத்தில் மூன்று பங்கு அதிலிருந்தே கிடைக்கிறது. புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு, வைட்டமின் ஏ-யில் முக்கால் பங்கு. அம்மாவின் உடம்பில் பி12 குறையாமல் இருந்தால் குழந்தைக்கு வேண்டியதில் பெரும்பகுதியும் பாலிலேயே வந்துவிடும். நோய் எதிர்ப்புப் பொருட்கள் இதற்கு மேல். இரண்டு வயதுவரையும் அதற்குப் பிறகும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்வது சும்மா இல்லை.

பாலில் கிடைக்காதது இரும்புச்சத்து. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம்கூட இரும்பு கிடையாது. இருப்பது நன்றாக உடம்பில் சேரும், ஆனால் இருப்பதே அவ்வளவுதான். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் தேவையோ 7 மில்லிகிராம். வயிற்றில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து சேர்த்துக்கொண்டு வந்த இருப்பு ஆறு மாத வாக்கில் தீர ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ரெண்டு வாயும் நாலு வாயும் மட்டும் சாப்பிடும் குழந்தைக்கு அது வந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி. இரும்பு குறைந்தால் பசி மந்தமாகும். பசி மந்தமானால் இரும்பு இன்னும் குறையும். தூக்கத்தில் கால்களை உதறிக்கொண்டு, புரண்டு புரண்டு படுப்பதற்கும் இரும்புக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் குழந்தை மருத்துவரிடம் போய் ஹீமோகுளோபினும், உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அளவின்படி 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், அதனால்தான் இரண்டையும் சொல்கிறேன். குறைவு என்று தெரிந்தால் சொட்டு மருந்து தருவார்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இரும்பு அளவு மீறினால் குழந்தைக்கு ஆபத்து, பாட்டிலை அவள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். வைட்டமின் டி-யையும் அதே நேரத்தில் கேட்டுவிடுங்கள், தாய்ப்பாலில் அதுவும் குறைவுதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ரெண்டு வாய்தான் வாங்குவாள் என்றால் அந்த ரெண்டு வாயில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். வெறும் கஞ்சித் தண்ணீரிலும் பிஸ்கட்டிலும் அந்த இடத்தை வீணாக்காதீர்கள். இறைச்சி, ஈரல், மீன், முட்டை சாப்பிடும் வீடென்றால் ஏதாவது ஒன்று தினமும் கொஞ்சமாவது இருக்கட்டும். நன்றாக வேகவைத்து நார் நாராகப் பிய்த்தோ மசித்தோ கொடுங்கள். ஈரல் மட்டும் வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். சைவம் என்றால் பருப்பு, பயறு, கடலை வகைகள், கீரை. இவற்றில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராது, கூடவே வைட்டமின் சி வேண்டும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும் போதும், சாப்பாட்டோடு ரெண்டு சுளை ஆரஞ்சு கொடுத்தாலும் போதும். டீ, காபி ஒரு வாய்கூட வேண்டாம், உள்ளே போகிற இரும்பையும் அது தடுத்துவிடும். ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் அளவு கூடாமலே சக்தி கூடும். முழுக் கடலை, முழுத் திராட்சை மாதிரி தொண்டையில் அடைக்கக்கூடிய எதையும் அப்படியே கொடுக்காதீர்கள்.

துப்பினால் விட்டுவிடாதீர்கள். புது உணவைப் பத்து, பதினைந்து தடவை பார்த்துப் பழகிய பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. என் சின்னவன் முட்டையைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டே இருந்தான். வாயில் வைத்தது ரொம்ப நாள் கழித்து, அதுவும் அக்கா தட்டிலிருந்து எடுத்து. என்ன கொடுப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது நம் கையில். எவ்வளவு என்பதை அவளிடம் விடுங்கள். துரத்தித் துரத்தி ஊட்டுவது, போனைக் காட்டி வாயில் திணிப்பது இரண்டும் வேண்டாம். இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் ரெண்டு தடவை கொறிக்க ஏதாவது. அதற்கு இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் மட்டும்.

பசும்பால் பாட்டிலை விட்டுவிடுங்கள். பசும்பாலிலும் இரும்பு கிடையாது, அதிகமாகக் குடித்தால் மற்ற உணவின் இரும்பு சேர்வதையும் அது குறைக்கும். ஒரு வயது தாண்டிய எந்தக் குழந்தைக்கும் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் தேவையில்லை. தாய்ப்பால் நன்றாகக் குடிப்பவளுக்குக் கொஞ்சம் தயிர் இருந்தாலே போதும். வயிறு நிறைந்தால் விடியும்வரை தூங்குவார்கள் என்பதும் அப்படியே நம்பக்கூடியது இல்லை. ஒரு தூக்கச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது எல்லாக் குழந்தைகளும் லேசாக விழிக்கிறார்கள். மார்பில் சப்பித்தான் தூங்கத் தெரியும் என்றால் விழிக்கிற ஒவ்வொரு தடவையும் அதைத்தான் தேடுவாள். ரெண்டு நிமிஷத்தில் தூங்கிவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பசி இல்லை. விடியற்காலையில் விடாமல் குடிக்கிறாளே, அது வேறு.

அந்த விடியற்காலைப் பாலைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒன்பதிலிருந்து ஆறுவரை நீங்கள் அவளோடு இல்லை. அந்த நேரத்தில் குடித்திருக்க வேண்டிய பாலை, இருந்திருக்க வேண்டிய மடியை, இரவில் வாங்கிக்கொள்கிறாள். வேலைக்குத் திரும்பிய அம்மாக்களின் குழந்தைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. அதனால் பாலை நிறுத்துவதைப் பற்றி யோசிக்காதீர்கள், அதன் நேரத்தை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, அவசரம் இல்லாமல். மாலையில் நுழைந்ததும் ஒரு தடவை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு. இரவுச் சாப்பாடு முடிந்து, தூங்கும் முன் ஒரு தடவை. விடுமுறை நாட்களில் மதியத் தூக்கத்துக்கு முன்னும் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் பால் வேண்டாம். மாலைப் பாலைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் விளையாடினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பசி வந்துவிடும்.

பகல் பாலை வைத்துக்கொண்டு இரவை நிறுத்த முடியும். நிறையப் பேர் செய்கிறார்கள், நானும் சின்னவனுக்குச் செய்தேன். இந்த வயதில், எடை சரியாக ஏறும் குழந்தைக்கு, இரவில் பால் கட்டாயம் இல்லை. உங்கள் களைப்பு ஒன்றே போதுமான காரணம், அதற்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

பல் மருத்துவர் ஒருத்தி பதில்:

பல் பற்றி மட்டும் சொல்கிறேன். தாய்ப்பால் மட்டுமே பல்லை அரிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வயதுக்குப் பிறகு இரவில் பலமுறை பால் குடிக்கும் குழந்தைகளிடம் சொத்தை அதிகம் காணப்படுகிறது, ஆய்வுகளிலும் இது வந்திருக்கிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைவு. பகலில் சாப்பிட்ட மாவும் சர்க்கரையும் பல்லில் ஒட்டியிருந்து, அதன்மேல் பாலும் தேங்கி நின்றால் கிருமிகள் அமிலம் உண்டாக்கும். அதனால் கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் துலக்குவதுதான் முதல் வேலை. மென்மையான சின்ன பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், ஓர் அரிசி அளவு. மூன்று வயதுவரை அந்த அளவுதான். காலையிலும் ஒரு தடவை. துலக்கிய பிறகு தண்ணீரும் தாய்ப்பாலும் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

வாரம் ஒரு நாள் வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி, முன்பற்கள் ஈறோடு சேரும் இடத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் உடனே பல் மருத்துவரிடம் போங்கள். அந்த நிலையில் ஃபுளோரைடு பூச்சாலேயே நிறுத்திவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அடைக்க வேண்டியிருக்கும். வெள்ளைக் கோடு எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வயதுக்குள் முதல் பரிசோதனை நடந்திருக்க வேண்டும், இன்னும் போகவில்லை என்றால் இப்போது போய்விடுங்கள்.

இருவரின் அம்மா பாட்டில் வேண்டாம் என்றது முழுக்கச் சரி. படுக்கையில் பாட்டில் பசும்பால், அதில் சர்க்கரை என்று பழகிய குழந்தைகளின் மேல் முன்பற்கள் நாலும் போய்விட்டதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இரவுக்காவல் அப்பா பதில்:

எங்கள் வீட்டில் இரவுப் பாலை நிறுத்தியபோது வேலையில் பாதி என்னுடையது, அதனால் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு "இல்லை" என்று சொன்னால் குழந்தைக்குப் புரியாது, பால் வாசனை அங்கேயே இருக்கிறது. நடுவில் நான் படுத்தேன். முதல் இரவு கத்தினான், என்னை அடித்தான், கதவைக் காட்டினான். தூக்கிக்கொண்டு நடந்தேன், முதுகைத் தட்டினேன், டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். தனியாக அழவிடவில்லை, அழும்போது யாரோ ஒருவர் கையில்தான் இருந்தான். மூன்றாவது நாலாவது இரவில் அழுகை குறைந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் பழையபடி கத்தினான், அன்றும் நாங்கள் மாற்றவில்லை.

பகலிலேயே சொல்லி வையுங்கள், 15 மாதத்தில் நாம் நினைப்பதைவிட அதிகம் புரிகிறது. "இருட்டானா பாலும் தூங்கும், வெளிச்சம் வந்தா பால் வரும்" என்று விளக்கை அணைத்தும் போட்டும் காட்டினோம். சொன்ன மாதிரியே, ஜன்னலில் வெளிச்சம் வந்ததும் அவன் கேட்கும் முன்பே கொடுத்துவிடுவாள் என் மனைவி. அந்த வாக்கைக் காப்பாற்றியதுதான் ரொம்ப உதவியது என்று நினைக்கிறேன். குழந்தையின் அப்பாவோ பாட்டியோ, பகலில் அவளைத் தூங்கவைத்துப் பழகிய யாராவது இரவு உங்களோடு இருக்க முடிந்தால் ஆரம்பியுங்கள்.

மழலைத்தாய்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எடைக்கோட்டை நேற்றிரவே அட்டையில் போட்டுப் பார்த்தேன், மூன்று புள்ளியும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். ரத்தப் பரிசோதனைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இனி இரவு அவளைத் தூங்கவைப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாக என் கணவர் சொல்கிறார்.

ரெண்டு சந்தேகம். ஒரேயடியாக நிறுத்தினால் எனக்குப் பால் கட்டிக்கொள்ளாதா? வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் ஒரு பக்கம் கல் மாதிரி இறுகிக் காய்ச்சலே வந்துவிட்டது. இன்னொன்று, மார்பில் கசப்பு ஏதாவது தடவிக்கொண்டால் தானாக விட்டுவிடுவாள் என்கிறார்களே?

இருவரின் அம்மா பதில்:

கசப்பு வேண்டாம் மா. மாலையில் அதே மடியில் அதே பாலைக் கொடுக்கப்போகிறீர்கள். ராத்திரி கசந்தது சாயங்காலம் கசக்குமோ என்ற பயத்தை அவளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். ஏற்கெனவே ஒரு தடவை கட்டியிருக்கிறது என்றால் உங்களுக்கு மெதுவாகப் போவதுதான் நல்லது. குட்டிக் குட்டியாகக் குடித்துவிட்டுத் தூங்குகிறாளே, நள்ளிரவைச் சுற்றி வருபவை, அவற்றை முதலில் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். அவை போனால் உங்களுக்குப் பெரிதாகப் பால் சேராது. சில நாட்கள் கழித்து மற்றவற்றின் நேரத்தைக் குறையுங்கள். பத்து நிமிஷம் குடிக்கிறாள் என்றால் ரெண்டு இரவுக்கு எட்டு நிமிஷம், அடுத்த ரெண்டு இரவுக்கு ஆறு என்று. ஐந்துக்குக் கீழே வந்ததும் அதையும் விட்டுவிடலாம். விடியற்காலைப் பாலைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், அது நிஜமாகவே அவள் குடிக்கும் பால். பிறகு மெல்ல வெளிச்ச நேரத்துக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

மார்பு இறுகினால் வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி விடுங்கள். முழுக்க எடுத்தால் உடம்பு இன்னும் சுரக்கும். துணியில் சுற்றிய குளிர்ந்த ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். அழுத்திப் பிசையாதீர்கள், உள்ளே வீக்கம் கூடும். சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்து ஒரு நாளில் அடங்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள், அந்த நேரத்தில் பால் கொடுப்பதை நிறுத்தவும் வேண்டியதில்லை.

அவளுக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல் முளைக்கும் வலி என்று எதுவும் இருக்கிற வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் கேட்டபோதெல்லாம் கொடுங்கள், சரியானதும் மறுபடி தொடங்கலாம். குறட்டையோ, வாயைத் திறந்து மூச்சு விடுவதோ இருந்தால் பரிசோதனைக்குப் போகும்போது அதையும் சொல்லுங்கள், தூக்கம் கலைவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஃபெரிட்டின் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துச் சாப்பாட்டு வேளைகளை ஒழுங்கு பண்ணிக்கொள்ளலாம்.